தீப்பெட்டி வைத்துக்கொள்ளாத மனிதர்

எட்வர்ட் ஜி. ராபின்சன் என்றதும் பழைய ஹாலிவுட் படங்களை விரும்புகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு தொப்பி, ஒரு சுருட்டு, வாயோரத்தைச் சுழித்துப் பேசும் அந்தக் குரல். கள்ளச் சாராயக் கும்பலின் தலைவன், கையில் துப்பாக்கி. நாடக மேடையிலும் திரையிலுமாக ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து, நூறு படங்களைத் தொட்ட ஒரு கலைஞரை இந்த ஒரே தோற்றத்துக்குள் அடைத்துவிட்டார்களே என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அவர் சுடுவதைப் பார்த்தவர்கள் அதிகம், அவர் யோசிப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ஒரு மனிதனின் மூளை வேலை செய்வதைத் திரையில் இவரளவுக்குத் துல்லியமாகக் காட்டிய நடிகர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை என்பது என் கட்சி.

1893 டிசம்பர் 12 அன்று ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில், இத்திஷ் பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் இம்மானுவேல் கோல்டன்பெர்க். யூதர்கள் அங்கே நிம்மதியாக வாழ முடியாத காலம் அது. குடும்பம் புறப்பட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 1904-இல், பத்து வயதில், ஆங்கிலம் தெரியாத சிறுவனாக அவர் நியூயார்க்கில் கால் வைத்தார். குடியேறிகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் வளர்ந்தார். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கல்வி தந்த நியூயார்க் சிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது, வழக்கறிஞராக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. மேடை அந்த எண்ணத்தைத் தட்டிப் பறித்தது. அமெரிக்க நாடகக் கலை அகாடமியில் உதவித்தொகை பெற்றுப் படித்தார். அங்கேதான் எட்வர்ட் ராபின்சன் ஆனார். நடுவில் நிற்கும் 'ஜி', விட்டுவந்த கோல்டன்பெர்க்கின் மிச்சம். அந்த ஓர் எழுத்தைக் கடைசிவரை அவர் கைவிடவில்லை.

1915-இல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் அறிமுகமானார். பல மொழிகளைச் சரளமாகப் பேசுவார் என்பதால், எந்த நாட்டுக்காரனின் வேடம் என்றாலும் அவரைக் கூப்பிட்டார்கள். குள்ளமான உருவம், அகன்ற வாய், சற்றுத் தடித்த முகம். காதல் காட்சிகளுக்கு யாரும் கூப்பிடப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அதனால் குணச்சித்திர வேடங்களிலேயே தொழில் பழகினார். பதினைந்து ஆண்டுகள் அப்படி மேடையில் ஊறிய பிறகுதான் ஹாலிவுட் அவரைச் சரியாகக் கண்டுகொண்டது. பின்னால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அந்தப் பதினைந்து ஆண்டுகளே மூலதனம்.

1931-இல் வெளியான 'லிட்டில் சீசர்' அவரை ஒரே வீச்சில் நட்சத்திரமாக்கியது. இயக்குநர் மெர்வின் லெராய், தயாரிப்பு வார்னர் சகோதரர்களின் ஃபர்ஸ்ட் நேஷனல். பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை அழுத்திக்கொண்டிருந்த நேரம். யாருமில்லாத ஒருவன் பெரிய ஆளாக வேண்டும் என்று வெறிகொண்டு எழுந்து, எழுந்த வேகத்திலேயே விழும் கதை. இந்தப் படத்தைப் பற்றி ஒரு செய்தி எப்போதும் சொல்லப்படும். ராபின்சனுக்குத் துப்பாக்கிச் சத்தமே ஆகாது. விசையை அழுத்தும்போதெல்லாம் கண்ணை மூடிவிடுவார். வேறு வழியில்லாமல் இமைகளை ஒட்டுநாடாவால் ஒட்டிப் படமெடுத்தார்கள். உலகத்துக்கே கும்பல் தலைவன் எப்படி இருப்பான் என்று கற்றுக்கொடுத்த மனிதர், வெடிச்சத்தத்துக்குக் கண் மூடுகிறவர்.

அந்தப் படத்திலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவர் சுடாமல் விடும் காட்சியைத்தான். காட்டிக்கொடுக்கப்போகும் பழைய நண்பன் ஜோவைத் தீர்த்துக்கட்ட, ராபின்சன் நடிக்கும் ரிக்கோ வருகிறான். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நெருங்குகிறான். அவன் முகம் திரை முழுவதையும் நிறைக்கிறது. கண்களில் நீர் தளும்புகிறது, விரல் அசைய மறுக்கிறது. அப்படியே பின்வாங்குகிறான். வசனமே இல்லை. நட்பா, அதற்கும் மேலான பற்றா, அதைத் தனக்கே ஒப்புக்கொள்ள முடியாத தவிப்பா என்று எல்லாமே அந்தச் சில நொடிகளில் இருக்கின்றன. முடிவில் ரிக்கோ சுடப்பட்டு விழுவது ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால். அதன் முன்பக்கத்தில் இருப்பது நடனக் கலைஞனாகிவிட்ட ஜோவின் நிகழ்ச்சி விளம்பரம். "கருணையின் தாயே, ரிக்கோவின் கதை இத்துடன் முடிந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டுச் சாகிறான். தன்னைத்தானே வேறொருவன் போல் பெயர் சொல்லிக் கேட்கிறான். அந்த வியப்பு அசலானது. தானும் சாகக்கூடும் என்பதை அவன் அதுவரை நம்பியிருக்கவே இல்லை.

அடுத்த சில ஆண்டுகள் வார்னர் நிறுவனம் அந்தச் சுருட்டையும் தொப்பியையும் வைத்து வியாபாரம் செய்தது. அவற்றில் பலவற்றை ஒருமுறை பார்த்தால் போதும். 1935-இல் கொலம்பியா நிறுவனத்துக்காக ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி ஹோல் டவுன்ஸ் டாக்கிங்' மட்டும் தனியாக நிற்கிறது. அதில் இரட்டை வேடம்: வாயில்லாப் பூச்சியான ஓர் அலுவலக எழுத்தர், அவரை அச்சில் வார்த்தது போன்ற ஒரு கொலைகாரன். இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கும் காட்சிகளில், தோள்பட்டை நிற்கும் விதத்தை வைத்தே யார் யார் என்று சொல்லிவிடலாம்.

ஐரோப்பாவில் இட்லரின் கை ஓங்கியபோது ஹாலிவுட் பெருநிறுவனங்கள் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. ஜெர்மன் சந்தை போய்விடும் என்ற பயம். ராபின்சன் வாயைத் திறந்தார். 1938 டிசம்பரில் ஜெர்மன் பொருள்களைப் புறக்கணிக்கக் கோரும் பிரகடனத்தில் திரையுலகினர் கையெழுத்திட்டது அவர் வீட்டில்தான். மறுவருடமே 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ நாஜி ஸ்பை' படத்தில் நாஜி உளவாளிகளைப் பிடிக்கும் அதிகாரியாக நடித்தார். பெரிய ஸ்டுடியோ ஒன்று நாஜிகளைப் பெயர் சொல்லி எதிர்த்த முதல் படம் அது. 1940-இல் சிஃபிலிஸ் நோய்க்கு மருந்து கண்ட ஜெர்மன் யூத விஞ்ஞானி பால் எர்லிக்காக நடித்தார். தாடியும் மூக்குக் கண்ணாடியும் அணிந்து, சோதனைக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் அந்த மனிதருக்குள் ரிக்கோவைத் தேடினாலும் கிடைக்க மாட்டான். தம் வேடங்களில் அவருக்கு மிகவும் நெருக்கமானவற்றுள் இதுவும் ஒன்று. 1944-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய சில வாரங்களிலேயே அங்கே போய்ப் படைவீரர்கள் முன்னால் நின்றார். வயது ஐம்பது.

அந்த ஆண்டு வெளியானதுதான் பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி'. ராபின்சனை அறியாத யாருக்கும் நான் முதலில் காட்டுவது இந்தப் படம். இதில் அவருக்குப் பெயர்ப் பட்டியலில் மூன்றாம் இடம், ஃபிரெட் மெக்மரிக்கும் பார்பரா ஸ்டான்விக்குக்கும் பின்னால். பத்தாண்டுகளுக்கு மேல் பெயர் முதலில் வந்த நட்சத்திரத்துக்கு அது தயக்கம் தந்திருக்கிறது. ஆனாலும் வயதாகிவருவதை உணர்ந்து, குணச்சித்திர வேடங்களுக்குத் திரும்புவதே சரி என்று ஒப்புக்கொண்டார். அந்த முடிவுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ராபின்சன் ஏற்ற பார்ட்டன் கீஸ், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் அதிகாரி. பொய்யான கோரிக்கை வந்தால் வயிற்றுக்குள் ஒரு குட்டி மனிதன் முடிச்சுப் போடுவதாகச் சொல்வார். கோட்டை மறந்து வெறும் வெயிஸ்ட்கோட்டோடு அலுவலகம் முழுக்க அலைவார். வாயில் எப்போதும் சுருட்டு இருக்கும், பற்றவைக்கத் தீப்பெட்டி மட்டும் ஒருநாளும் இருக்காது. பைகளைத் தட்டிக்கொண்டு நிற்பார். எதிரே இருக்கும் இளம் விற்பனைப் பிரதிநிதி வால்டர் நெஃப், கட்டைவிரல் நகத்தால் தீக்குச்சியை உரசி நீட்டுவான். படம் முழுக்க இது ஒரு சடங்குபோல நடக்கிறது. இருவருக்கும் இடையிலான பாசத்தை வைல்டர் சொன்ன விதமே இதுதான்.

இதே படத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. ஒருவர் ஓடும் ரயிலின் பின்பக்க மேடையிலிருந்து விழுந்து இறந்திருக்கிறார். நிறுவனத் தலைவர் அது தற்கொலை என்று முடிவுகட்டிவிட்டுப் பெருமையாக நிற்கிறார். கீஸ் எழுகிறார். தற்கொலைக் கணக்குகள் மட்டுமே பத்துத் தொகுதிகள் இருப்பதாகத் தொடங்கி, இனவாரியாக, தொழில்வாரியாக, பருவகாலவாரியாக, பின் விஷம், விஷத்தில் வகைகள், உயரத்திலிருந்து குதித்தல், ரயில் சக்கரத்தில் விழுதல் என்று மூச்சுவிடாமல் அடுக்குகிறார். இத்தனை வழக்குகளில் ஓடும் ரயிலின் பின்பக்கத்திலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்டவர் ஒருவர்கூட இல்லை என்று முடிக்கிறார். வேறு நடிகர் கையில் இது வெறும் பட்டியலாகச் செத்துப்போயிருக்கும். ராபின்சன் அதை ஒரு மனிதன் தன் தொழிலின் மேல் வைத்திருக்கும் காதலாக மாற்றுகிறார். ஒவ்வொரு வகைக்கும் குரல் ஒரு படி ஏறுகிறது, கை காற்றை வெட்டுகிறது, கடைசி வரியில் எல்லாம் சட்டென்று அடங்குகிறது. காப்பீட்டுக் கணக்கை இவ்வளவு ருசியோடு யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கொன்றவன் யார் என்பதை எப்படியாவது மோப்பம் பிடித்துவிடும் கீஸுக்கு, கொலைகாரன் தன் பக்கத்திலேயே தீக்குச்சி உரசிக்கொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை. முடிவில் குண்டடிபட்டு வாசலருகே சரிந்து கிடக்கும் நெஃப், நீங்கள் தேடிய ஆள் மிக அருகில், மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்ததால்தான் உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறான். "அதைவிட நெருக்கத்தில், வால்டர்" என்கிறார் கீஸ். நெஃப் சிகரெட்டை எடுக்கிறான், கை ஒத்துழைக்கவில்லை. இந்த முறை தீக்குச்சியை உரசிப் பற்றவைப்பது கீஸ். நெஃப் மரண தண்டனை பெற்று நச்சுவாயு அறையில் இறப்பதையும் அதைக் கீஸ் பார்ப்பதையும் வைல்டர் பெரும் செலவில் படமாக்கிப் பிறகு தூக்கி எறிந்துவிட்டார். இந்தத் தீக்குச்சிக்கு மேல் இனி எதுவும் வேண்டாம் என்று கண்டுகொண்ட இயக்குநர் அவர். படத்துக்கு ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. ராபின்சன் பெயர் அவற்றில் இல்லை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அடுத்து ஃபிரிட்ஸ் லாங் இயக்கத்தில் இரண்டு படங்கள். 1945-இல் வந்த 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' இரண்டில் கொடியது. கிறிஸ்டோபர் கிராஸ் ஒரு காசாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியம் தீட்டுகிறவர். வீட்டில் மனைவி ஏசிக்கொண்டிருக்க, இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு சமையலறையில் நிற்பார். ஓர் இளம்பெண்ணின் பொய்க் காதலில் மயங்கி, திருடி, கடைசியில் கொலையும் செய்கிறார். அந்தப் பெண் காலை நீட்டி, நகங்களுக்குப் பூச்சு பூசச் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. ஓவியர் மண்டியிட்டு, மிகுந்த கவனத்தோடு, ஒரு கலைப்படைப்பைத் தீட்டும் பக்தியோடு அதைச் செய்கிறார். அவமானம் நடக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது, அவருக்கு அது ஆனந்தமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே முகத்தில் காட்ட ராபின்சனால் முடிந்தது. நியூயார்க் மாநிலத் தணிக்கையாளர்கள் முதலில் இந்தப் படத்துக்குத் தடை விதித்தார்கள்.

1948-இல் ஜான் ஹியூஸ்டனின் 'கீ லார்கோ'வில் பழைய கும்பல் தலைவன் மீண்டும் வந்தான், இந்த முறை ஜானி ரோக்கோ என்ற பெயரில். அறிமுகக் காட்சியில் குளியல் தொட்டிக்குள் சுருட்டோடு கிடக்கிறான், பக்கத்தில் மின்விசிறி. ஓட்டைக் கழற்றிய நண்டைப் போல இருக்க வேண்டும் என்று ஹியூஸ்டன் நினைத்தாராம். அப்படியேதான் இருக்கிறது. முப்பதுகளில் ராபின்சனுக்கு அடுத்த இடத்தில் நடித்து, அவர் கையால் திரையில் செத்த ஹம்ஃப்ரி போகார்ட் இப்போது முதல் நட்சத்திரம். ஆனால் படப்பிடிப்பின்போது போகார்ட் அவரை மூத்தவராக நடத்தி, அவருடைய அறைக்கே வந்து அழைத்துப் போவார் என்று ராபின்சன் நெகிழ்ந்து நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு வந்தது இருண்ட காலம். 1939 முதல் 1949 வரை எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் அள்ளிக்கொடுத்தவர் ராபின்சன். அகதிகள், அநாதைகள், பாசிசத்துக்கு எதிரான குழுக்கள் என்று யார் கேட்டாலும் கொடுத்தார். அவற்றில் சில கம்யூனிஸ்டுகளோடு தொடர்புடையவை என்று 1950-இல் 'ரெட் சேனல்ஸ்' என்ற பட்டியல் அவர் பெயரையும் சேர்த்தது. அமெரிக்க எதிர்ப்பு நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு முன் அவரே போய் விளக்கம் சொன்னார். ஒருமுறை போதவில்லை. மீண்டும் போனார். வாய்ப்புகள் வற்றின. 1952-இல் மூன்றாம் முறையாகப் போய், தாம் ஏமாற்றப்பட்டதாக ஒப்புக்கொண்டார். திரைக்கதை எழுத்தாளர் டால்டன் டிரம்போ உள்ளிட்ட சிலரின் பெயர்களையும் சொன்னார். அதே டிரம்போவுக்குக் கஷ்டகாலத்தில் 2,500 டாலர் கொடுத்து உதவியவர் இவர். தாம் கம்யூனிஸ்டுகளிடம் ஏமாந்த கதையைப் படைவீரர் சங்கப் பத்திரிகை ஒன்றில் தம் பெயரிலேயே வெளியிட வேண்டியும் வந்தது.

அவர் சொன்ன பெயர்கள் எல்லாம் முன்பே வெளிப்பட்டவை. அவரால் புதிதாக யாரும் வேலை இழக்கவில்லை. ஆனாலும் பத்து வயதில் அந்த நாட்டை நம்பி வந்த ஒரு மனிதர், தம் விசுவாசத்தை நிரூபிக்கத் தாமே தம்மை முட்டாள் என்று எழுதிக்கொடுக்க நேர்ந்ததைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபம் அவர் மேல் இல்லை, அவரை அங்கே நிறுத்தியவர்கள் மேல். இதே நாட்களில் அவர் ஊர் ஊராகப் போய் நடித்த நாடகம் 'டார்க்னஸ் அட் நூன்': செய்யாத குற்றங்களை ஒப்புக்கொள்ளும்படி விசாரணையில் நெருக்கப்படும் ஒரு முதிய புரட்சிக்காரனின் கதை. மேடையில் அதைப் பேசிய இரவுகளில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அடி அதோடு நிற்கவில்லை. ராபின்சனுக்கு ஓவியத்தில் உயிர். முப்பதுகளிலிருந்தே செசான், வான் கோ, ரெனுவார், டெகா என்று ஓவிய மேதைகளைத் தேடி வாங்கினார். பெவர்லி ஹில்ஸ் வீட்டுக்கு அவற்றைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. அமெரிக்காவில் தனியார் வைத்திருந்த மிகச் சிறந்த தொகுப்புகளில் அதுவும் ஒன்று. 1953-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதிலிருந்து நாற்பது ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. மனைவி கிளாடிஸ் லாய்டோடு 1956-இல் விவாகரத்து ஆனபோது, கலிபோர்னியச் சட்டப்படி சொத்தில் பாதியைத் தர வேண்டியிருந்தது. 1957-இல் மொத்தத் தொகுப்பும் மூன்று மில்லியன் டாலருக்கு மேல் விலைபோய், கிரேக்கக் கப்பல் அதிபர் ஸ்டாவ்ரோஸ் நியார்கோஸிடம் சேர்ந்தது. செசானின் 'கறுப்புக் கடிகாரம்' அதில்தான் போனது. சிலவற்றை மட்டும் பின்னர் திரும்ப வாங்க முடிந்தது. அவரிடம் ஒருகாலத்தில் இருந்த, பிரெஞ்சு ஓவியர் கொரோவின் இத்தாலியப் பெண் ஓவியம், ஓவியர் லூசியன் ஃப்ராய்டின் கைக்குப் போய், அவர் மறைவுக்குப் பின் லண்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு வந்துவிட்டது. லண்டன் போகிறவர்கள் தேடிப் பார்க்கலாம்.

ராபின்சனின் திரைவாழ்வை மீட்டெடுத்தவர், யாரும் எதிர்பாராத வகையில், ஹாலிவுட்டின் கடும் கம்யூனிச எதிர்ப்பாளர்களில் ஒருவரான செசில் பி. டெமில். 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தில் மோசேயை எதிர்க்கும் தாத்தான் வேடத்தை ராபின்சனுக்குக் கொடுத்தார். தம் சுயமரியாதையைத் திருப்பித் தந்தவர் டெமில்தான் என்று ராபின்சன் எழுதியிருக்கிறார். 1956-இல் வெளியான அந்தப் படத்தைப் பார்த்த நம்மவர்கள் பலருக்கும், பெயர் தெரியாவிட்டாலும், அந்தக் குறும்புன்னகை தெரிந்திருக்கும். அதன் பிறகு வேலை தொடர்ந்து வந்தது. 1962-இல் ஆப்பிரிக்காவில் படப்பிடிப்பின்போது மாரடைப்பு வந்தது. மீண்டு வந்து 1965-இல் 'தி சின்சினாட்டி கிட்' படத்தில் சீட்டாட்ட வித்தகராக ஸ்டீவ் மெக்வீனுக்கு எதிரே உட்கார்ந்தார். இளையவரின் முகத்தைப் படித்துக்கொண்டு, தம் முகத்தை யாரும் படிக்க விடாமல் அவர் அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் பாடம்.

கடைசிப் படம் 'சாய்லன்ட் கிரீன்'. கதை நடப்பது 2022-இல், நான்கு கோடிப் பேர் பசியோடு நெரியும் நியூயார்க்கில். சால் என்ற முதியவராக வருகிறார். புத்தகம் படிக்கத் தெரிந்த, பழைய உலகத்தை நினைவில் வைத்திருக்கும் கடைசி தலைமுறை. காவலராக வரும் சார்ல்டன் ஹெஸ்டன், பணக்காரன் ஒருவன் வீட்டிலிருந்து மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைச் சுருட்டி வருகிறார். சால் அதைப் பார்த்ததும் அழுதுவிடுகிறார். பிறகு சமைத்து, கரண்டிகளை ஒழுங்காக அடுக்கி, விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல் பரிமாறுகிறார். கீரை, கறி, கடைசியில் ஆப்பிள். ஏறக்குறைய பேச்சே இல்லாத காட்சி. இளையவர் ஆப்பிளைக் கடிப்பதை அவர் பார்க்கும் பார்வையில், தாம் இழந்த உலகம் முழுவதையும் இன்னொருவருக்குச் சுவைக்கக் கொடுக்கும் பெருமிதம் இருக்கிறது.

அப்போது ராபின்சனுக்குக் காது ஏறக்குறைய கேட்காது. எதிராளியின் வசனம் எப்போது முடியும் என்பதைத் தாளமாக மனத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு நடித்திருக்கிறார். புற்றுநோய் முற்றியிருந்தது. கதைப்படி சால் விரும்பி மரணத்தை ஏற்க ஒரு நிலையத்துக்குப் போகிறார். பிடித்த நிறம் கேட்கிறார்கள், ஆரஞ்சு என்கிறார். இசை கேட்கிறார்கள், மென்மையான செவ்வியல் இசை என்கிறார். படுத்தபடி, பெரிய திரையில் மான்களையும் பூக்களையும் கடலையும் பார்க்கிறார். ஹெஸ்டன் கண்ணாடிக்கு அப்பால் நின்று கண் கலங்குகிறார். ராபின்சன் சாகப்போவது தெரிந்துதான் ஹெஸ்டன் அழுதார் என்று பலர் சொல்வதுண்டு. ஹெஸ்டன் எழுதியது வேறு: படப்பிடிப்பின்போது அது ராபின்சனுக்கு மட்டுமே தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம்கூட வேலைக்குத் தவறவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

1973 ஜனவரி 26 அன்று ராபின்சன் காலமானார். அந்த மாதம்தான் ஆஸ்கர் அகாடமி அவருக்குக் கௌரவ விருது தருவதென்று முடிவு செய்திருந்தது. அதற்கு முன் ஒரே ஒரு முறைகூட அவர் பெயரைப் பரிந்துரைத்ததில்லை. மார்ச் 27 அன்று அவருடைய மனைவி ஜேன் விருதை வாங்கிக்கொண்டார். அன்றிரவு அதே விழாவில், கும்பல் தலைவன் வேடத்துக்காகச் சிறந்த நடிகராக மார்லன் பிராண்டோ தேர்ந்தெடுக்கப்பட்டு, வாங்க மறுத்த செய்திதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வகை வேடத்துக்கே வழி போட்டுக்கொடுத்தவரின் விருது அந்தக் களேபரத்தில் அமுங்கிப்போனது.

ஐரோப்பா அவரை முன்பே கண்டுகொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1949-இல் ஜோசப் எல். மான்கிவிச் இயக்கிய 'ஹவுஸ் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' படத்துக்காகக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். முடிதிருத்துபவராக இருந்து வங்கிக்காரராக உயர்ந்த இத்தாலியக் குடியேறியின் வேடம். மகன்களைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, அன்பையும் அவமதிப்பையும் ஒரே தட்டில் பரிமாறும் தகப்பன். 'டபுள் இன்டெம்னிட்டி'யை ஏற்கெனவே பார்த்தவர்கள் அடுத்ததாக அதைப் பார்க்கலாம். அந்த மேசையில் மூத்த மகனை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை மட்டும் தவறவிடாதீர்கள்.